வயித்து மேல ஒரு காகிதக் கப்பல்

எங்க சின்னப் பேத்திக்கு கொஞ்ச நாளா ஒரு காதுலதான் தோடு. இன்னொரு காது மொட்டையா நின்னுச்சு. அந்த மொட்டக் காதுக்கும் எங்க வீட்டுல சாயந்தரமானா நடக்குற யோகாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. அதத்தான் சொல்ல வர்றேன். பேச்சு வேற எங்கயாவது போச்சுன்னா இழுத்து விட்டுருங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச மருமவதான் எழுதுறா. அவளப் பத்தி நான் சொல்றதையும் அவளேதான் எழுதணும், பாவம்.

பொங்கல் முடிஞ்ச கையோட ஐயனார் கோயில்ல காதுகுத்து வச்சிருந்தோம். பூதலூர் தாண்டி வயக்காட்டு வழியா போகணும். அறுப்பு நேரம் பாருங்க, ரோட்டுல பாதிக்கு நெல்லக் காயப் போட்டிருந்தாங்க. வேன்காரரு நெல்லு மேல ஏறாம நெளிஞ்சு நெளிஞ்சு ஓட்டுனாரு. சரி, அது கெடக்கட்டும். புள்ளைக்கு தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். மருமவளோட தம்பி அதுக்குன்னே சிங்கப்பூர்லேருந்து லீவுல வந்திருந்தான். வெள்ளைக்கல்லு தோடு ஒரு ஜோடி, பட்டுப் பாவாடை, பழத் தட்டு, எல்லாம் தடபுடல்.

பத்தரு மொத காதுல சுருக்குன்னு குத்திட்டாரு. அவ்வளவுதான். புள்ள மாமன் கைய ஒரு கடி கடிச்சா பாருங்க, அவன் "அம்மா"ன்னு பிடிய விட்டான். இவ ஓடிப் போயி மண்குதிரைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. அவ அக்கா, எங்க பெரிய பேத்தி, பெரிய மனுஷி மாதிரி கெஞ்சுனா. நான் பஞ்சுமிட்டாய் காட்டுனேன். ஒண்ணும் நடக்கல. பத்தரு ஊசியத் துணியில சுத்திட்டாரு.

"பெரியம்மா, ஆடுற காதுல நான் ஊசி வைக்க மாட்டேன். ஓட்டை கோணிடும். காலத்துக்கும் என்னையத்தான் திட்டும். பாப்பா அடங்கட்டும், சொல்லி அனுப்புங்க."

அடங்கட்டுமாம்! மாமன் லீவு மாசி வரைக்கும்தான். அவன் பிளைட் ஏறிட்டா அடுத்து எப்ப வருவானோ. வேற மடியில உக்கார வச்சுக் குத்தவும் முடியாது. பள்ளிக்கூடத்துல வேற "ஒத்தத் தோடு, ஒத்தத் தோடு"ன்னு கேலி. புள்ள கண்ணாடி முன்னாடி நின்னு மொட்டக் காத முடியால மூடி மூடிப் பாக்குறா. ஆசை இருக்கு, ஆனா பத்தரு பேச்ச எடுத்தாலே ஒடம்பெல்லாம் வெடவெடங்குது.

அப்பத்தான் மருமவ சொன்னா, "மிரட்டி ஒண்ணும் ஆகாது அத்தை. மொதல்ல மூச்சு விடச் சொல்லித் தரலாம்."

"ஏன்டியம்மா, பொறந்ததுலேருந்து விட்டுக்கிட்டுத்தானே இருக்கா?"

மொறச்சா. அவ தஞ்சாவூர்ல காலேஜ் படிக்கிறப்ப யோகா கத்துக்கிட்டவ. இப்ப வீட்டுல உக்காந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்குறா. சாயந்தரம் வேலைய முடிச்சுட்டு, புள்ளைங்களுக்கு கை கால் கழுவி விட்டு, டிவிய அமத்திட்டு, கூடத்துல கோரப்பாய விரிப்பா. சும்மா இருக்க முடியுமா, நானும் ஒரு பாயப் போட்டுக்கிட்டேன்.

மொத நாளு பூனை மாதிரி முதுக வளைக்கணும். வளைச்சோம். எங்க வீட்டுப் பூனை வந்து எங்க மூணு பேரையும் பாத்துட்டு, கேவலமா இருக்குன்னு நெனச்சுச்சோ என்னமோ, எழுந்திரிச்சு கொல்லைக்குப் போயிடுச்சு. அடுத்து மரம் மாதிரி ஒத்தக் கால்ல நிக்கணுமாம். "எந்த மரம்டி ஒத்தக் கால்ல நிக்குது? வயல்ல கொக்குதான் நிக்கும்"னேன். அதுலேருந்து எங்க வீட்டுல அதுக்குப் பேரு கொக்கு. புள்ளைங்க நல்லாவே நின்னுச்சுங்க. இந்தக் கெழட்டுக் கொக்குதான் பிரிட்ஜப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

எல்லாத்தையும் விட எனக்குக் கஷ்டம், கண்ண மூடிக்கிட்டு சும்மா இருக்கறது. வீடே அமைதியா இருக்குறப்ப எனக்கு எங்கேருந்தோ சிரிப்பு வரும். ஏன்னு கேட்டா தெரியாது. நான் "புஸ்"ஸுன்னா சின்னது "கிளுக்"குங்கும், பெரியது உருளும். எல்லாம் போச்சு.

"அத்தை, ஒண்ணு வாய மூடுங்க, இல்லாட்டி வெளியில போயி சிரிச்சுட்டு வாங்க."

"வாசல்ல நின்னு தனியா சிரிச்சா ஊரு என்னம்மா சொல்லும்?"

கடைசியில மல்லாக்கப் படுக்கணும். அங்கதான் எனக்கும் அவளுக்கும் தகராறு. அவ பாட்டுக்கு பாய வடக்கு தெக்கா போட்டிருந்தா. நான் விடுவேனா? "வடக்கே தலை வைக்கக் கூடாது. தெக்கே வச்சு கைகாலை நீட்டி அசையாமப் படுத்தா, பொணத்தக் கெடத்துற மாதிரி இருக்கும். பூசை மாடத்துப் பக்கம் கால நீட்டவே கூடாது"ன்னு பாயச் சுத்திச் சுத்திப் போட வச்சேன். பாயி திரும்புறதுக்குள்ள புள்ளைங்க தூங்கிடுங்க.

சின்னது மட்டும் படுத்தா நெளிவா. அதுக்கு மருமவ ஒரு வேலை பண்ணா. பழைய நோட்டுத் தாளுல கப்பல் செஞ்சு அவ வயித்து மேல வச்சா. "மூச்ச உள்ள இழுத்தா தண்ணி ஏறும், கப்பல் மேல வரும். சுடுசோத்த ஊதுற மாதிரி மெதுவா விட்டா தண்ணி வடியும். கப்பல் கவுழாமப் பாத்துக்க." புள்ளைக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஆனா அவ வயிறு ஒட்டுன வயிறு, கப்பல் சரியா ஏறல. எழுந்து வந்து என் வயித்து மேல வச்சா. என் வயித்தப் பத்தி சொல்லணுமா? ஆடிப்பெருக்கு ஆறுதான். கப்பல் ஏறுது, எறங்குது. புள்ள பக்கத்துல உக்காந்து அதையே பாத்து, அது ஏறுறப்ப மூச்ச இழுத்து, எறங்குறப்ப விட்டு, அப்புடியே அமைதியாயிட்டா. தெனமும் அதே. பத்தரு பேச்ச எடுத்தாக் கூட, "அப்பாயி, படு"ம்பா. நான் படுப்பேன். நடுக்கம் நின்னுடும்.

மாசி பொறந்துச்சு. மாமன் கெளம்பப் போறான். திரும்பவும் ஐயனார் கோயில், அதே பத்தரு. புள்ள மாமன் மடி வரைக்கும் வந்தா. துணியில இருந்த ஊசியப் பாத்தா. பழையபடி வெடவெட. பாவாடை இடுப்புலேருந்து கப்பல எடுத்தா, நசுங்கிப் போயிருந்துச்சு.

"அப்பாயி, படு."

"இங்கயா? கோயில்லடி!"

"படுத்தாத்தான் குத்திக்குவேன்."

சம்பந்தி வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் நிக்கிறாங்க. மருமவ என்னையப் பாத்தா. மாமன் கையெடுத்துக் கும்புடுறான், கடி வாங்குன கை. படுக்கறதுன்னா எப்புடிப் படுக்குறது? மேற்கால சாமி, கால நீட்டக் கூடாது. கிழக்கால சீர்த்தட்டு, பூவும் பழமும், அங்கயும் கால நீட்ட முடியாது. வடக்கே தலை கூடாது. வீட்டுல அத்தனை ரகளை பண்ண நான், வேற வழியில்லாம தெக்கே தலை வச்சு நீட்டிப் படுத்தேன். கைய பக்கத்துல போட்டுக்கிட்டேன். வயித்து மேல கப்பல். சுத்தி பொம்பளைங்க. பக்கத்துல பூமாலை.

இந்த நேரத்துலயா என் நாத்தனாரு வரணும்? மன்னார்குடி பஸ்ஸ விட்டுட்டு, அடுத்த பஸ்ஸுல வந்து, மூச்சு வாங்க ஓடியாந்தவ, கூட்டத்துக்கு நடுவுல என்னையப் பாத்தா. பையத் தூக்கிப் போட்டா. மாருல அடிச்சுக்கிட்டா.

"ஐயோ அண்ணி! காதுகுத்த வந்த எடத்துல இப்புடி நீட்டிட்டீங்களே! பஸ்ஸு அஞ்சு நிமிசம் முன்னாடி வந்திருந்தா மொகத்தப் பாத்திருப்பேனே!"

கேட்டதும் எனக்குள்ள வந்துச்சு பாருங்க சிரிப்பு! தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. சிரிச்சா கப்பல் கவுந்துடும். கப்பல் கவுந்தா புள்ள துள்ளிடுவா, காது கோணிடும். எம்மருமவ சொன்னதத்தான் பண்ணேன். உள்ள இழு. சுடுசோறு ஊது. நாத்தனாரு தலைமாட்டுல உக்காந்து, "எங்கண்ணன் கட்டுன தாலியோட போறீங்களே மவராசி"ன்னு ஒப்பாரிய ஆரம்பிச்சுட்டா. எங்க வீட்டுக்காரரு பத்தருக்குப் பக்கத்துல உசுரோட நின்னு முழிக்கிறாரு. இழு. ஊது. புள்ள கண்ணு கப்பல விட்டு நவுரல.

"ஆச்சு"ன்னாரு பத்தரு.

அவ்வளவுதான். கப்பல் எங்க போச்சோ, நான் உருண்டு உருண்டு சிரிச்சேன். செத்தவ சிரிச்சதுல நாத்தனாரு பின்னாடி சாஞ்சு பழத்தட்டு மேல உக்காந்துட்டா. மாமன் அழுவுறான், மருமவ அழுவுறா, அதுல எத்தனை சிரிப்பு, எத்தனை அழுகைன்னு பிரிக்க முடியாது. புள்ள மட்டும் ரெண்டு காதையும் தொட்டுப் பாத்துக்கிட்டு, "அப்பாயி, மெதுவா மூச்சு விடு"ங்குறா.

நாத்தனாருக்கு ஆத்திரம் அடங்கல. எலை போட்டாச்சு, சாப்பிட வர மாட்டேங்குறா. "என்னையக் கூப்புட்டு வச்சு கேவலப்படுத்திட்டீங்க"ன்னு ஒரு ஓரமா உக்காந்து பொருமுறா. புள்ள போயி கப்பலத் தேடி எடுத்து, நீவி விட்டு, அவகிட்ட நீட்டுனா.

"அத்தப்பாட்டி, நீங்களும் படுங்க. கோவம் போயிடும்."

நாத்தனாரு மூக்க உறிஞ்சிக்கிட்டு கப்பலப் பாத்தா, புள்ளையப் பாத்தா, சுத்திப் பாத்தா. அப்பறம் மெதுவா என் பக்கம் திரும்புனா.

"சரி அண்ணி, எந்தப் பக்கம் தலை வைக்கிறது?"