வழுக்கி விழவில்லை

மூன்று வருடங்களுக்கு முன், பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் எனக்குப் பந்தோபஸ்து வேலை. நான் காவலர். காலை நெரிசலில் ஒரு பெண், "ஐயோ, என் செயினு!" என்று அலறினார். அதே நேரம் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. லத்தியை வீசினேன். அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது.

அவர் ஓடியது ஆவடி பஸ்ஸைப் பிடிக்க. செயின், அந்தப் பெண்ணின் புடவை மடிப்பிலேயே சிக்கிக் கிடந்தது. அடி வாங்கியவர் ஆவடி பக்கத்துக் கோவில்பதாகைக்காரர், டைல்ஸ் ஒட்டுகிறவர். அவர் பையில் கரணையும் ரசமட்டமும்தான் இருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஜீப்பில் என் ஏட்டு தைரியம் சொன்னார். "பதறாதே. டூட்டியில நடந்தது. நம்ம மேல கேஸ் நடத்தணும்னா கவர்மென்ட் பர்மிஷன் வேணும், லேசுல கிடைக்காது. வழுக்கி விழுந்தான்னு எழுதிக்கலாம்." பின்சீட்டில் கையைப் பிடித்தபடி இருந்தவர் காதிலும் அது விழுந்திருக்கும். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. இன்றுவரை வெட்கப்படுவது அந்த அப்பாடாவுக்குத்தான். எங்களிடம் வருகிறவர்கள் வழுக்கி விழுவது பழைய வழக்கம். தரை மேல் பழி போட்டால் தரை எதிர்த்துப் பேசாதே!

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தது. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். அடிபட்டவர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"வயுக்கி உயுந்துட்டேன் டாக்டர். என் தப்புதான்."

ஊருக்கெல்லாம் தரை போடுகிறவர், எனக்குப் பயந்து தரையில் வழுக்கியதாகச் சொல்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல டாக்டர், நான்தான் அடிச்சேன். அப்படியே எழுதுங்க" என்றேன். ஏட்டு என் காலை மிதித்தார். டாக்டர் ஒரு கணம் பேனாவை நிறுத்தி, பிறகு எழுதினார்.

மெமோ வந்தது, விசாரணை வந்தது, இடமாற்றமும் வந்தது. பிழைக்கத் தெரியாதவன் என்று பெயரும் வாங்கினேன். விசாரணைக்குக் கட்டுப் போட்ட கையோடு வந்தவர், அதிகாரியிடம் சொன்னது இதுதான்: "அட்ச்சது தப்பு சார், அத்த எழுதுங்க. ஒத்துக்கினாரு பாருங்க, அத்தயும் எழுதிக்கோங்க."

அவர் கை எலும்பு கூடிவிட்டது. போன மாதம் பட்டாபிராமில் ஒரு புது வீட்டைக் கடந்தபோது, அதே வலது கையால் வாசலில் டைல்ஸைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாத்து வாங்க சார், தரை ஈரமா கீது, வயுக்கும்" என்று சிரித்தார்.

பர்மிஷன் இல்லாமல் கேஸ் இல்லை என்று சட்டம் எனக்கு இன்னமும் குடை பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று டாக்டர் முன்னால் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் நின்றிருக்க முடியாது.