ஃபார்வர்ட் ஆன பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை மறையூரில் இருந்தேன். என் மைத்துனன் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறான். எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் வயலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன், பெண் எடுத்த ஊரிலேயே தங்கிக் கடைக்காரனாகிவிட்டான். அதை விடுங்கள்.

கடையில் பில் போடப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். போன் நம்பர் கொடுத்தால் பில்லில் கொஞ்சம் தள்ளுபடி என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறான் மைத்துனன். சோப்பு வாங்க வந்த அம்மா நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வேண்டாம்க்கா. சோப்பு வாங்க நம்பர் எதுக்கு? சும்மா வாங்கிட்டுப் போங்க.”

முதலாளியின் திட்டத்துக்கு முதலாளியின் கல்லாவிலேயே வேட்டு வைக்கும் ஊழியையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். சிரித்துவிட்டேன். மைத்துனன் சிரிக்கவில்லை.

“அந்தப் புள்ள பட்டது தெரிஞ்சா உங்களுக்குச் சிரிப்பு வராதுங்க மாமா” என்றான்.

அவளை வசந்தி என்று வைத்துக்கொள்வோம். அவள் பிறந்து வளர்ந்த தேயிலை எஸ்டேட்டின் பெயரும் சொல்லப் போவதில்லை. பி.காம் முடித்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா இல்லை. எஸ்டேட்டிலேயே குழந்தைகள் காப்பகத்தில் வசந்திக்குத் தற்காலிக வேலை. தாய்மார்கள் மலைக்கு வேலைக்குப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பகத்துக்குத் தண்ணீர் மேலே உள்ள ஓடையிலிருந்து குழாயில் வருகிறது. அந்த ஓடையில்தான் பூச்சிமருந்து அடிக்கும் டேங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து எங்கே போகும்? சூப்பர்வைசரிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றார். பார்த்தாரோ என்னவோ... டேங்க் அதே இடத்தில்தான் கழுவப்பட்டது.

சரி, சர்க்காரிடம் பராதி, அதாவது புகார், கொடுக்கலாம் என்றால் அங்கே ஒரு சிக்கல். அம்மாவுக்கு வேலை இருக்கும் வரைதான் தலைக்கு மேல் கூரை. வீடு கம்பெனியுடையது. பெயர் வெளியே வந்தால் வேலையோடு வீடும் போகும்.

அதனால் அவள் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். வேறொரு பெயரில் புது மின்னஞ்சல் தொடங்கினாள். தன் போன் நம்பரைக் கொடுக்கவில்லை. ஓடையைப் படம் எடுக்கும்போது இடம் பதியாதபடி போனில் லொகேஷனை அணைத்து வைத்தாள். குழந்தைகளின் முகம் ஒன்றுகூட படத்தில் இல்லை. பிரைவேட் விண்டோவில் திறந்தால் நம் போனில் தடம் இருக்காதே தவிர, வை-ஃபை வைத்திருப்பவர் கண்ணுக்குத் தப்பாது என்று எங்கோ படித்திருக்கிறாள். எஸ்டேட் ஆபீஸ் வை-ஃபை பக்கமே போகவில்லை. பஸ் ஏறி மறையூர் வந்து, சொந்த டேட்டாவில் ஒரு சர்க்கார் அலுவலகத்துக்குப் பராதியை அனுப்பினாள். பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை.

என் ஏ.டி.எம். அட்டையின் பின் நம்பரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வைத்திருக்கும் ஆள் நான். கேட்கக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பெயர், விலாசம் இல்லாத பராதிகளைப் பரிசீலிக்க முடியாது, விவரம் தரவும் என்று ஒற்றை வரி.

இங்கேதான் வசந்தி இடறினாள். நீங்களும் நானும் இதில் இடறியிருக்க மாட்டோம். எங்கள் ஊரில் காலையில் ஒருவர் மீது மனு கொடுத்தால், சாயங்காலத்துக்குள் அவரே நம் வீட்டுக்கு வந்து “ஏனுங்க, எம் மேல மனுக் குடுத்தீங்களாமா?” என்று விசாரித்துவிட்டுப் போவார். ஆபீஸ்களின் லட்சணம் நமக்குத் தெரியும்.

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்படியில்லை. அவர்கள் உலகத்தில் இரண்டே அதிகாரம். மலை மேலே கம்பெனி — வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, காப்பகம் எல்லாம் அவர்கள் கொடுப்பது. மலை இறங்கினால் சர்க்கார் — ரேஷன், ஓட்டு, பென்ஷன். இரண்டும் தனித்தனி வீடு, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது என்று நினைப்பு. கம்பெனி செய்வதைச் சர்க்காரிடம் சொன்னால் கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

“சர்க்கார்தான சார் கேக்குது, கம்பெனியா கேக்குதுன்னு நெனச்சுட்டேன்” என்றாள் வசந்தி, பில் போட்டபடியே.

பெயர் கொடுத்தாள். லைன் என்று சொல்லும் தொழிலாளர் குடியிருப்பில் தன் வீட்டு நம்பர் கொடுத்தாள். போன் நம்பரும் கொடுத்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘எங்கள் வீடு கம்பெனி வீடு. தயவுசெய்து என் பெயரை ரகசியமாக வைக்கவும்.’

அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதைப் படித்தாரா, படிக்காமலே செய்தாரா தெரியாது. தேவையான நடவடிக்கைக்காக என்று குறிப்புப் போட்டு, மொத்த மெயிலையும் அப்படியே எஸ்டேட்டுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டார். பெயர், வீட்டு நம்பர், ஓடைப் படம்... அந்தக் கடைசி வரி உட்பட.

எஸ்டேட்டில் காலையில் மஸ்டர் என்று ஒன்று உண்டு. எல்லாரும் கூடி நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அன்று வசந்தியின் அம்மா பெயரைக் கூப்பிட்டார் சூப்பர்வைசர். முன்னால் வரச் சொன்னார். பிரிண்ட் எடுத்த தாளை அத்தனை பேர் நடுவில் சத்தமாக வாசித்தார். ‘என் பெயரை ரகசியமாக வைக்கவும்’ என்பதையும் வாசித்தார். மகள் இப்படி ஒன்று எழுதியதே அந்தத் தாய்க்கு அப்போதுதான் தெரியும்.

“அம்மா வீட்டுக்கு வந்து ஏசல சார். ஏசியிருந்தாலும் பரவாயில்ல. ‘பக்கத்துல படுத்துக் கெடந்த என்ட்டச் சொல்லல, எங்கயோ இருக்குறவன்ட்டச் சொல்லியிருக்கியே’ன்னு மட்டும் கேட்டாக.”

சொல்லிவிட்டு வசந்தி தராசைத் துடைக்க ஆரம்பித்தாள்.

காப்பகத்துக்கு இனி வர வேண்டாம் என்றார்கள். மகள் லைனில் இருந்தால் வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று அம்மாவிடம் தன்மையாகச் சொன்னார்கள். தன்மையாகச் சொல்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. யாருடைய பிள்ளைகளுக்காக எழுதினாளோ அந்தத் தாய்மார்களே அவளோடு பேசப் பயந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இருப்பதும் கம்பெனி வீடுதான். இப்போது வசந்தி மறையூரில் சித்தி வீட்டில் இருக்கிறாள். அம்மா மேலே, தனியாக.

லேப்டாப் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். மாதாமாதம் பாஸ்வேர்ட் மாற்றி மாதாமாதம் மறந்து தொலைக்கிறோம். எங்கோ வெளிநாட்டில் முகம் தெரியாத திருடன் இருட்டில் உட்கார்ந்து நம் மெயிலைப் படிக்கிறான் என்று பயம். வசந்தியின் மெயிலை யாரும் திருடவில்லையே. பட்டப்பகலில், ஃபேன் காற்றில், டீ குடித்துக்கொண்டே ஒரு ஆள் ஒரு பட்டனை அமுக்கினார். அதற்கு எந்த ஸ்டிக்கரை ஒட்டுவது?

பெயர் கேட்டால் கொடுப்பதற்கு முன் நாம் ஒன்று கேட்க வேண்டும் — இதை இன்னும் யார் யார் படிப்பார்கள்? எழுத்தில் பதில் வராவிட்டால் பெயர் போகக் கூடாது. பராதியைத் தங்கள் பெயரில் கொடுக்கத் துணிந்த சங்கமோ வக்கீலோ கிடைத்தால் அவர்கள் வழியாகப் போகலாம். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதுவும் வசந்தி சொல்லித்தான் தெரியும்.

“இதைப் பத்திரிகையில் எழுதலாமா?” என்று கேட்டேன்.

“எழுதுங்க சார். மஸ்டர்லயே வாசிச்சாச்சு, இனி என்ன இருக்கு?”

ஒன்று சொல்ல வேண்டும், அந்த அலுவலகம் சும்மா இருக்கவில்லை. ஆள் வந்து ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீரில் என்ன இருந்தது என்று கேட்டு வசந்தி திரும்ப எழுதினாள், இந்த முறை சொந்தப் பெயரிலேயே. குழந்தைகள் இன்னும் அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் அல்லவா?

பதில் வந்த மெயிலைப் போனில் எடுத்து என் கையில் கொடுத்தாள். படித்தேன்.

‘சோதனை முடிவு நிறுவனம் சம்பந்தப்பட்ட ரகசியத் தகவல் என்பதால் வெளியிட இயலாது.’