பொய்ச்சாட்சி

பன்வில தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் புசல்லாவைக்குக் குடிவந்து எங்கள் சபையில் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்தக் குடும்பத்தில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளை எனக்குப் பிடிக்காமல் போக ஒரே ஒரு ஞாயிறு போதுமாக இருந்தது.

அன்று ஆராதனையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் அவள் மைக்கைப் பிடித்தாள். "எங்கப்பா முந்தி குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிப்பாங்க. இப்ப குடிக்கிறதில்ல. கம்பளையில பேக்கரி வேல கெடச்சிருக்கு. கர்த்தர நம்பி எல்லாத்தயும் புதுசா ஆரம்பிக்கிறோம்" என்றாள். அவ்வளவுதான். பெண்கள் பக்கம் முழுவதும் அழுதது. பாஸ்டரம்மா அவளைக் கட்டிப்பிடித்து, ஜிப் வைத்த உறையோடு புது வேதாகமம் ஒன்றைக் கொடுத்தார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அந்த ஜெப மண்டபத்துக்கு வருபவள். வேதாகமத்தில் மூன்று சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்வேன். என்னை யாரும் கட்டிப்பிடித்ததில்லை. சாட்சி சொல்லலாமென்றால் எங்கள் வீட்டில் எதுவுமே நடப்பதில்லை. கம்பளையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்த அப்பா மாலையில் வந்து, கால் கழுவி, தேத்தண்ணி குடித்து, எனக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். இப்படிப்பட்ட அப்பாவை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன சாட்சி சொல்ல முடியும்?

ஒரு வாரம் முழுக்கப் பொருமினேன். அடுத்த ஞாயிறு கையை உயர்த்தினேன்.

"எங்கப்பாவும் குடிப்பாங்க. ஒருநாள் சோத்துப் பானைய ஒடச்சிட்டு, அம்மாவ மழையில வெளிய தள்ளிக் கதவ சாத்திட்டாங்க. கர்த்தர் அவங்கள மாத்திட்டாரு."

பானையும் மழையும் என் சொந்தச் சேர்க்கை. அவளுடையதைவிட என் சாட்சி ஒரு படி மேலே நிற்க வேண்டாமா?

யாரும் அழவில்லை. ஒரு ஆமென்கூட வரவில்லை. அப்பா கதிரையிலிருந்து எழுந்து என்னை நோக்கி வந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"புள்ள சொன்னது உண்மைதாங்க" என்றார் அப்பா. "இவ பொறக்கிறதுக்கு முந்தி. இத்தன வருசமா இங்க வந்தும் அத சொல்ல எனக்குத் தைரியம் வரல."

பன்வில பெண்ணின் அப்பா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னைக் கட்டிப்பிடிக்க அன்றும் யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய், "யாரு சொன்னா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன் என்றேன். அம்மா நம்பவில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு அப்பாக்களும் ஒரே பஸ்ஸில் வந்திறங்கி, டவுன் வழியாகப் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். அதுவரை அப்பா தேயிலை மலையைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையில் தனியாக வருபவர். இப்போது கால் மணி நேரம் முந்தியே வீட்டுக்கு வந்தார். அதில் எனக்குச் சந்தோசமில்லை. வேதாகமத்தை வாங்கிக்கொண்டது போதாதென்று என் அப்பாவையும் அவள் வீட்டார் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஆத்திரமாக வந்தது.

டவுன் வழியில் சாராயத் தவறணை ஒன்று இருந்தது. அடைமழையிலும் அட்டைக் கடியிலும் அப்பா ஏன் அத்தனை வருடம் சுற்றுவழியில் நடந்தார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவேயில்லை.