கெல்வர்டன் பறவையின் மூக்கு

ஓரெஸ்ட் பாபியாக்கின் வெல்டிங் பட்டறையிலிருந்து வெளியே போன பொருள் எதுவும் பழுது என்று திரும்பி வந்ததில்லை. இதைக் கெல்வர்டன் ஊரார் சொல்லவில்லை; அவரே சொன்னார். கூட்டுறவுக் கடையின் காப்பி மேசையில், நாற்பத்தாறு ஆண்டுகளாக, வானிலைப் பேச்சு முடிந்து கோதுமைப் பேச்சு தொடங்குவதற்கு முன்னுள்ள சிறு இடைவெளியில், நாள் தவறாமல் சொல்லிவந்தார்.

"என் பட்டறைய விட்டுப் போனது திரும்பி வராது."

"உன் பட்டறைக்குள்ள வந்ததும்தான் திரும்பி வராது," என்பார் எதிரே அமர்ந்திருக்கும் விவசாயி ஈனார். "தொண்ணூத்தெட்டுல நான் இரவல் குடுத்த சுத்தியல் எங்கப்பா?"

ஓரெஸ்டுக்கு எழுபத்தொரு வயது. பிறந்தது, வளர்ந்தது, மணந்தது எல்லாம் ஊரை ஒட்டிக் கிடந்த உப்பேரியின் வடகரையில். பித்தப்பையை எடுக்க ஒருமுறை ரெஜைனா நகருக்குப் போனதைத் தவிர ஊரைவிட்டு அகன்றதில்லை. இருப்பினும் ஏரியை அவர் பார்த்ததெல்லாம் வண்டியின் கண்ணாடி வழியாகத்தான். காற்றில் பறந்துவரும் வெள்ளை உப்புத்தூள் வண்டியின் அடித்தகட்டை அரித்துவிடும் என்பதே ஏரியைக் குறித்து அவர் கொண்டிருந்த ஒரே கருத்து. அவர் அறிந்தவரை அங்கே இரண்டு வகைப் பறவைகள் இருந்தன: பெரியவை, சிறியவை.

அப்படிப்பட்டவரிடம்தான் ஊரார் பறவைச் சிலை செய்யும் பணியை ஒப்படைத்தார்கள். பறவை விழாக் குழுவின் தலைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியையுமான வெர்னா ஓசன் காப்பி மேசைக்கே வந்து கேட்டார்.

"பக்கத்து ஊர்ல ரெண்டாள் உயரத்துக்கு ஒரு உருளைக்கிழங்கு சிலை வச்சிருக்கான். அது பக்கத்துல நின்னு படம் பிடிக்க ஜனம் வண்டிய நிறுத்துது. நம்ம ஏரிக்கு மே மாசம் லட்சம் பறவை வருது, ஒருத்தனும் நிறுத்த மாட்டேங்கறான். நமக்கும் ஒண்ணு வேணும் ஓரெஸ்ட். பன்னிரண்டடி. கீழே பித்தளைத் தகட்டுல உங்க பேரு."

பித்தளைத் தகடு என்றதும் ஓரெஸ்ட் காப்பியைக் கீழே வைத்தார். நாற்பத்தாறு ஆண்டுகளில் அவர் செய்த கலப்பை, கதவு, கைப்பிடி எதிலும் அவர் பெயர் இருந்ததில்லை.

வெர்னா வரைந்து கொடுத்த படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். எண்ணெய்ப் பீப்பாய்கள் உடலாயின. பழைய துளைக்கிணற்றுக் குழாய்கள் கால்களாயின. மூக்கிடம் வந்தபோது வேலை நின்றது. படத்தில் மூக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது. மண்வெட்டி, களைக்கொத்து, கொழு என்று மண்ணைக் கிளறும் கருவி அனைத்தும் கீழ்நோக்கியே வளைந்திருக்க, இது மட்டும் வானத்தைத் தோண்டப் போகிறதா? வெர்னா முன்பு பனிச்சறுக்குத் தளக் கட்டடத்துக்கு வரைந்து தந்த படிக்கட்டும் தலைகீழாகத்தான் இருந்தது. அதை ஓரெஸ்ட் ஓசையின்றித் திருத்திக் கொடுத்தார், ஆசிரியையும் நன்றி சொன்னார். அதே பெருந்தன்மையோடு இப்போதும் மூக்கைக் கீழ்நோக்கிப் பற்றவைத்தார்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், புதன்கிழமை, வெர்னா பட்டறைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மூக்கு ஏன் கீழ பாக்குது?"

"சாப்பாடு கீழதான டீச்சர் இருக்கு?"

"நான் மேல வளைச்சுத்தான வரைஞ்சேன்?"

"ஆமா. நான் சரி பண்ணிட்டேன். கவலப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது ஆண்டு வகுப்பறையில் தலைமுறைகளை நடுங்கவைத்த செயல் அது.

"ஓரெஸ்ட், மேல வளைஞ்சா கோணமூக்கு உள்ளான். கீழ வளைஞ்சா நெடுமூக்கு உள்ளான். அது வேற பறவை. சனிக்கிழமை நூத்தம்பது பேர் வர்றாங்க. எல்லாரும் பறவை தெரிஞ்சவங்க. தப்பான பறவைக்குக் கீழ உங்க பேரப் போட்டா அது உங்களுக்குத்தான் அவமானம். மூக்க மாத்தினா தகடு. இல்லன்னா இல்ல."

அவர் போன பிறகு ஓரெஸ்ட் ஒரு பீப்பாயின்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மூக்கை அறுத்துத் திருப்பினால் தகடு கிடைக்கும். ஆனால் நாற்பத்தாறாண்டுப் பெருமை காப்பி மேசையில் செத்துவிடும். திருப்பாவிட்டால் பெருமை நிற்கும், தகடு போய்விடும். மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது: வெர்னா சொல்வது தவறென்று நிறுவுவது.

வியாழக்கிழமை காலை மனைவி ஸெனியாவின் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"கரை காஞ்ச மாதிரி இருக்கும், காஞ்சிருக்காது," என்றாள் ஸெனியா, பூண்டுக் கொத்திறைச்சி வைத்த ரொட்டியைப் பொட்டலம் கட்டியபடி. "வண்டிய இறக்கிடாதீங்க."

"எழுபத்தொரு வருஷமா இங்க இருக்கேன், எனக்கா சொல்ற?"

அரைமணி கழித்து வண்டி அச்சளவு சேற்றில் நின்றது. மேலே வெள்ளையாய், பொரித்த அப்பளம்போல் இருந்த உப்புப்படலம் உடைந்து, உள்ளிருந்த கருஞ்சேறு நான்கு சக்கரங்களையும் ஆசையோடு பிடித்துக்கொண்டது. ஈனாருக்குத் தொலைபேசினார்.

"விதைப்புல இருக்கேன்பா," என்றார் ஈனார். "இந்த வயல முடிச்சிட்டு வரேன். நாலு மணி நேரம் ஆகும். ரொட்டி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"எனக்குப் பாதி எடுத்து வை."

வேறு வழியின்றி, வாழ்நாளில் முதன்முறையாக, ஓரெஸ்ட் நான்கு மணிநேரம் ஏரியைப் பார்த்தார். வண்டியின் நிழலில் உப்பு ஈக்கள் கரும்போர்வைபோல் மொய்த்தன. அவற்றைத் தின்னப் பொடி உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் ஓடிவந்தன. அலை வந்தால் பின்னுக்கும் அலை போனால் முன்னுக்குமாக, மணியடித்ததும் கூட்டுறவுக் கடைக்குள் நுழையும் சனம்போல் ஓடின. ஆழமற்ற நீரில், துருநிறத் தலையுடன் நெட்டைக்கால் பறவைகள் வரிசையாக நின்றன. அவற்றின் மூக்கு சந்தேகத்துக்கு இடமின்றி மேல்நோக்கி வளைந்திருந்தது. அந்த வளைவைத் தண்ணீரில் படிய வைத்து, புல்லறுப்பவன் நீள்அரிவாளை வீசுவதுபோல் இடமும் வலமும் வீசி, உப்புநீர்க் கூனிகளை அள்ளின. ஓரெஸ்ட் ரொட்டியை மெல்வதை நிறுத்தினார். கருவி சரியான கருவிதான். கொத்தும் கருவியன்று, வழிக்கும் கருவி.

பின்னால் திரும்பினார். மேட்டுப் புல்வெளியில் வேறொரு பறவை, ஒரு சாண் நீள மூக்கைக் கீழ்நோக்கி வளைத்து, தெளிவாகக் கொத்திக்கொண்டிருந்தது.

"ரெண்டும் இருக்கு," என்றார் வண்டியிடம்.

ஈனார் டிராக்டருடன் வந்தபோது ஓரெஸ்ட் இன்னும் ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தம் பங்கு ரொட்டியையும் அவரிடமே கொடுத்தார். ஈனார் கலங்கிப்போய் ஓரெஸ்டின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் பட்டறையில் தீப்பொறி பறந்தது. மூக்கின் அடியை அறுத்து, பழைய அறுவடை இயந்திரத்தின் பேரிங் ஒன்றைப் பொருத்தினார். இப்போது மூக்கை மேலே திருப்பலாம், கீழே திருப்பலாம். கட்டைவிரல் பருமனுள்ள பூட்டாணி ஒன்றைச் செருகினால் அப்படியே நிற்கும். இது பழுதுநீக்கம் அன்று; மேம்பாடு. மேலும், சிலை இன்னும் பட்டறையை விட்டு வெளியே போகவே இல்லை என்பதையும் ஸெனியாவிடம் இருமுறை விளக்கினார். இரண்டு முறையும் அவள் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பெரோகிக் கொழுக்கட்டை மடிப்பதை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை சிலை ஏரிக்கரைக்குப் போய் நின்றது. மூக்கை மேலே திருப்பி ஆணியைச் செருகி, வெர்னா தந்த தகட்டைக் கீழே பதித்து, துணியால் மூடி முடித்து, திரும்பும்போது ஓரெஸ்டின் வண்டி வியாழக்கிழமை புதைந்த அதே பள்ளத்தில் மறுபடி புதைந்தது.

"உனக்கு அந்த இடம் பிடிச்சுப்போச்சு," என்றார் ஈனார். டிராக்டரின் இழுகொக்கிக்கு ஆணி இல்லை. விதைப்பில் எங்கோ விழுந்துவிட்டது. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறித் துணிக்குள் கைவிட்டு ஆணியை உருவிவந்தார். "ஒரு நிமிஷம் இரவல்."

வண்டி வெளியே வந்தது. ஆணி கொக்கியோடு ஈனாரின் வயலுக்குப் போனது. பதினொரு மணிக்கு வெர்னா ஒலிபெருக்கியைப் பிடித்தபோதுதான் ஓரெஸ்டுக்கு அது நினைவுக்கு வந்தது. அவர் கைதூக்குவதற்குள் துணி விழுந்தது.

மேற்குக் காற்று பலமாகத் தள்ளியதால் ஆணி இல்லாமலே மூக்கு மேலே நின்றது. நூற்றைம்பது பேர் கைதட்டினார்கள்.

"இது நம்ம கோணமூக்கு உள்ளான்," என்று தொடங்கினார் வெர்னா. "இந்தத் தண்ணிக்கு வெளிய போக வழியில்ல. அதனாலதான் உப்பு. உப்புல மீன் இல்ல, அதனாலதான் கூனியும் ஈயும் இவ்வளவு. தெற்குக் கோடியிலேருந்து வடக்குப் பனி வரைக்கும் பறக்கற பொடி உள்ளான் இங்க இறங்கி, மூணே வாரத்துல எடைய ரெட்டிப்பாக்கிட்டுப் போகுது..."

"நம்ம ஈனார் மாதிரி," என்றது ஒரு குரல்.

காற்று ஓய்ந்தது. கிறீச்சென்ற நீண்ட ஓசையுடன் மூக்கு மெல்லத் திரும்பிக் கீழே தொங்கியது. ஓரெஸ்ட் தகட்டைப் பார்த்தார்.

வெர்னா நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் தொட்டார்; கழற்றவில்லை.

"இது நெடுமூக்கு உள்ளான்," என்றார் குரலில் அசைவின்றி. "இது புல்வெளிப் பறவை."

மீண்டும் காற்றெழுந்தது, மூக்கும் எழுந்தது. கூட்டம் சிரித்துக் கைதட்டிய ஓசையில் ஏரியிலிருந்த பொடி உள்ளான்கள் எல்லாம் ஒரே புகையாய் எழுந்து, ஒரே பக்கம் திரும்பி, மறுபடி இறங்கின. பிற்பகலுக்குள் இருபத்திரண்டு வண்டிகள் நின்றன. எல்லாரும் மூக்கு திரும்பும்வரை காத்திருந்து இரண்டு படம் எடுத்தார்கள்.

தகடு அப்படியே நின்றது.

திங்கட்கிழமை காலை ஈனார் அந்த ஆணியைக் காப்பி மேசையில் வைத்தார். ஓரெஸ்ட் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் வெர்னா வந்தார்.

"அந்த ஆணி என்ன ஆச்சு ஓரெஸ்ட்? ஈனார்கிட்ட இருக்குன்னு சொன்னாங்க."

ஓரெஸ்ட் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார்.

"என் பட்டறைய விட்டுப் போனது திரும்பி வராது டீச்சர். எல்லாருக்கும் தெரியுமே."

ஈனார் வாயைத் திறந்தார். ஓரெஸ்டின் பக்கமிருந்து, மேசைக்கடியில், தொண்ணூற்றெட்டில் இரவல் போன சுத்தியல் அவர் மடிக்கு நகர்ந்து வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.