வாத்தியார் வீட்டு டிபன் கேரியர்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நின்றதற்குக் காரணம் நானில்லை.

நான் படித்தது ஸ்ரீரங்கத்தில். எங்கள் வாத்தியாருக்கு வீடு திருவானைக்காவலில். தினமும் பதினோரு மணிக்கு வகுப்பில் என்னை எழுப்பி, அவர் வீட்டிலிருந்து டிபன் கேரியர் எடுத்துவர அனுப்புவார். அதுதான் கணக்குப் பாட நேரம். நான் திரும்பும்போது கரும்பலகையை அழித்திருப்பார்கள். கணக்கில் தோற்றேன். "இவனுக்கு மண்டையில ஏறாதுங்க, வேலைக்கு அனுப்பிடுங்க" என்று அவரே என் அப்பாவிடம் சொன்னார். அப்பா அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தார். அந்தக் கும்பிடு இன்னமும் எரிகிறது.

அன்றிலிருந்து திருச்சியில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறேன். வெளியே வாய் திறக்க மாட்டேன். வீட்டில் பட்டை தீட்டும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அந்த ஆளைத் திட்டுவேன். பக்கத்தில் கல் பொறுக்கியபடி கேட்டு வளர்ந்தவள் என் மகள்.

அவள் பிளஸ் டூ படிக்கும்போது, அதே பள்ளியில் படிக்கும் அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள்: "சாப்பாட்டு மணியடிச்சதும் டீச்சர் அவளைக் கூப்பிட்டுக்கிறாங்க மாமா. சாப்பிடக்கூட வர்றதில்ல."

இவள் படிப்பும் என் படிப்பைப் போலவே போகிறது என்று தலைக்கேறியது. மறுநாள் மத்தியானம், கை கழுவாமல் பள்ளிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரை நேருக்கு நேர் திட்டப் போகிறேன்.

வராந்தாவில் ஏழெட்டுச் சின்னப் பிள்ளைகள். நடுவில் என் மகள், கையில் சாக்பீஸ்.

"அக்கா, தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?"

"போயிட்டு வா. நீ வராம அடுத்த கணக்குக்குப் போக மாட்டேன்."

நின்ற இடத்திலேயே நின்றேன். டீச்சர் வந்தார்.

"வாங்க. கணக்கு வராத பிள்ளைங்க, உங்க பொண்ணுதான் சொல்லித்தர்றா. டீச்சர் டிரெயினிங் ஃபாரத்துல உங்க கையெழுத்து வேணும். உங்ககிட்ட கேக்கவே பயப்படுறா. வாத்தியார்னாலே உங்களுக்கு ஆகாதாமே?"

பாலிஷ் தூள் ஒட்டிய விரலோடு கையெழுத்துப் போட்டேன். ஃபாரம் அழுக்கானது.

"உங்க கதையைக் கேட்டுக் கேட்டுத்தாம்ப்பா எனக்கு இந்த ஆசை வந்துச்சு" என்றாள் வீட்டில்.

அதனால் நான் அந்த வாத்தியாரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் எங்களுக்கு நல்லது எதுவும் செய்யவில்லை. நான் நடந்தேன், அவர் சாப்பிட்டார், அவ்வளவுதான். மீதியெல்லாம் அவள் தானாகச் செய்துகொண்டது.

காலையில் அவள் டிரெயினிங்குக்குப் பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து இதை எழுதினேன்.

14 ஜூலை 1986, திங்கட்கிழமை.