கைக்குக் கை தராத கத்திரிக்கோல்

பட்டன் வைத்துக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. உள்ளறையில் மெஷின் ஓடுகிறது, அதைத்தான் கேட்கிறாள். தையல்காரர் பெண்டாட்டிக்கு மெஷின் சத்தம் புதிதா என்ன? ஆனால் இவள் கேட்பது வேறு. கொஞ்சம் ஓடி, நின்று, மூச்சு வாங்கி மறுபடி ஓடினால் வீடு நன்றாக இருக்கிறது என்று பொருள். நிற்காமல் தடதடவென்று ஓடினால் ஊசியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். ஓடவே இல்லையென்றால், கேட்கவே வேண்டாம்.

தெருவில் இவளுக்குப் 'போலீஸ் அக்கா' என்று பெயர். முன்னறையில் உட்கார்ந்து பட்டன் வைப்பதும், வருகிறவர்களிடம் "நாளைக்குக் கண்டிப்பா ரெடி" என்று கூசாமல் பொய் சொல்வதும் இவள் வேலை. நடுநடுவே புருஷனை எட்டிப் பார்ப்பதும் வேலைதான். "அந்த மனுஷனைக் கொஞ்சம் மூச்சு விட விடேன்" என்பார்கள். சிரித்து மழுப்புவாள். பட்டவளுக்கல்லவா தெரியும்!

நாலு வருஷத்துக்கு முன்னால் மெஷின் அப்படித்தான் நிற்காமல் ஓடியது. மனுஷர் தூங்கவில்லை, களைக்கவும் இல்லை. ஒரு பேச்சு முடியுமுன் அடுத்த பேச்சு முண்டியடித்துக்கொண்டு வந்தது. "நம்ம கடைக்கு ஊருக்கு ஊர் கிளை போடறோம், பாரு" என்றார். தொழில் சூடு பிடித்துவிட்டது என்று இவளும் அசடு மாதிரி சந்தோஷப்பட்டாள். கடைசியில் பார்த்தால், தைக்க வந்த துணிகளையெல்லாம், பட்டு, பருத்தி, பள்ளிச் சீருடை ஒன்றையும் விடாமல் வெட்டி, ஒரே உடுப்பாக இணைத்து வைத்திருந்தார். "உலகத்துக்கே ஒரே சட்டை!" அந்தச் சட்டைக்குக் கை மூன்று. துணி கொடுத்தவர்கள் வாசலில் நின்று ஏசிய ஏச்சு இன்னும் இவள் காதில் இருக்கிறது.

ஏறியது இறங்கத்தானே வேண்டும். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். குளிக்கவில்லை, ஊசியில் நூல் கோக்கக்கூட முடியவில்லை. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒரு நாள் சொன்னார். அதைக் கேட்டதும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"இது பைபோலார்ங்கற வியாதி. திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. மனசு ஒரு காலம் தலைகால் புரியாம ஏறும், ஒரு காலம் பாதாளத்துக்கு இறங்கும்" என்றார் அந்த டாக்டரம்மா.

"என் வாய்தான் காரணமா டாக்டர்? நான் கொஞ்சம் சிடுசிடுன்னு பேசுவேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உங்க வாய்க்கு அவ்வளவு சக்தி இல்லம்மா. மூளை வேலை செய்யற விதத்துல வர்ற மாற்றம் இது. இவர் சித்தப்பாவுக்கும் இப்படி இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அந்த வழியாவும் வந்திருக்கலாம். இதுதான் காரணம்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாது. ஆனா தூக்கம் கெட்டாலோ மாத்திரையை நிறுத்தினாலோ கிளம்பிடும். தூக்கம் குறைஞ்சா காத்திருக்காதீங்க, உடனே வாங்க."

மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை என்று மனுஷர் தேறினார். தேறியதும் முதல் காரியமாக இவளை உட்காரவைத்துச் சொன்னார்: "மறுபடி எனக்கு ஏறுச்சுன்னா கத்திரிக்கோலை ஒளிச்சிடு. நான் கத்துவேன். குடுத்துடாதே."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிது. அந்தக் கத்திரிக்கோலை வேறு யாரும் தொடக்கூடாது. தவிர்க்க முடியாமல் கொடுத்தாலும் மேஜையில் வைப்பார். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். "கைக்குக் கை குடுத்தா சண்டை வரும். எங்க தொழில்ல அப்படித்தான்" என்பார். கட்டின பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான்.

இப்போது பள்ளிக்கூட நாடகத்துக்கு ராஜா, மந்திரி, சேவகர் உடுப்புகள் தைக்கத் துணி வந்து குவிந்திருக்கிறது. காலையிலிருந்து மெஷின் நிற்கவில்லை. மனுஷர் பாட்டு வேறு பாடுகிறார். அவர் நூல் வாங்க வெளியே போன நேரம் பார்த்து, கத்திரிக்கோலை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டாள்.

திரும்பி வந்தவர் மேஜையைத் தடவினார். "எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "ஒளிச்சிட்டியா?"

"காலையிலேருந்து பாடிக்கிட்டே இருக்கீங்க... பயமா இருக்குங்க."

"நம்ம பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு. நேத்து நீயும்தானே தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தே? ஊர்ல எவன் பாடினாலும் சந்தோஷம், நான் பாடினா மட்டும் வியாதியா?"

நியாயம்தானே? சந்தோஷத்துக்கும் வியாதிக்கும் நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? டின்னைத் திறந்தாள். கத்திரிக்கோலை முந்தானையால் துடைத்து மேஜையில் வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

'குடுத்துடாதே' என்று அவர் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பாவி, கொடுத்துவிட்டேனே! பட்டனை எடுத்தாள், ஊசி விரலில் குத்தியது. உள்ளே கத்திரிக்கோல் 'கரக் கரக்' என்று துணியில் ஓடியது. பிறகு நின்றது. மெஷின் சத்தமும் இல்லை. பாட்டும் இல்லை. எழுந்து போகவும் பயம், உட்கார்ந்திருக்கவும் பயம்.

அவரே வந்தார். இவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையில் கத்திரிக்கோல்.

"மூணு நாளா தூக்கம் இல்ல. நீ கண்ணை மூடினதும் எழுந்து உக்காந்துக்குவேன். சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல."

"ஐயோ, என்னங்க இது..."

"ராஜா சட்டைக்குக் கை வெட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டு வெட்டியாச்சு. இன்னொண்ணும் வெட்டினா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு." இவளைப் பார்த்தார். "டாக்டரம்மாவுக்குப் போன் போடு."

கத்திரிக்கோலை அவர் கீழே வைக்கவில்லை. கூர்ப்பக்கத்தைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை அவள் உள்ளங்கையில் கொடுத்தார்.