யார் வழியில் வந்தது

"உங்க குடும்பத்துல வேற யாராச்சும் இப்படி இருக்காங்களா?" என்று நாமக்கல்லில் மருத்துவர் கேட்டபோது, "இல்லீங்க" என்று சொன்னேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் தரையில் உட்கார்ந்து, தரை ஓடுகள் ஒன்றோடொன்று சேரும் கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

மருத்துவர் பொறுமையானவர். மகளுக்கு இருப்பது ஆட்டிசத்தில் ஒரு வகை என்றார். புத்தியில் குறை இல்லை, பேச்சும் இருக்கிறது, மற்றவர்களோடு கலந்து பழகுகிற வழிதான் அவளுக்குப் பிடிபடவில்லை என்றார். முன்பெல்லாம் இதற்கு ஆஸ்பெர்ஜர் என்று தனிப்பெயர் இருந்ததாம். இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்களாம். "இது யாரோட தப்பும் இல்லீங்க. குடும்பத்துல வரக்கூடியதுதான். அதனாலதான் கேட்டேன்" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்களை அங்கே அனுப்பியது, மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒருநாள் கீழேயிருந்து பஸ்ஸில் வரும் சிறப்பு ஆசிரியை. அதற்கு ஒரு மாதம் முன்பு அவர் வீட்டுக்கு வந்து, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு என் மனைவியிடம் வரிசையாகக் கேள்வி கேட்டார். நான் வாசலில் மிளகு பறிக்கும் மூங்கில் ஏணிக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"கண்ணப் பாத்துப் பேசுவாளா?"

"இல்லீங்க."

"மேளச் சத்தம், மிக்சி சத்தம் கேட்டா?"

"காதப் பொத்திக்கிட்டு ஓடிருவாளுங்க."

"கேலியாச் சொன்னா அது கேலின்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. நெசம்னு நெனச்சுக்குவா."

மனைவி மகளுக்காகச் சொன்ன ஒவ்வொரு பதிலையும் நான் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு கட்டத்தில் கயிற்றை முடிய மறந்து கையில் பிடித்தபடியே இருந்தேன்.

இருபது வயதில் ஒரு தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போயிருந்தேன். ஆள் வைத்துப் பறிக்கிறவர் கீழே நின்று, "மாப்ள, அவசரமே இல்லீங்க. அடுத்த பொங்கலுக்குள்ள முடிச்சாப் போதும்" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்து நிதானமாகப் பறித்தேன். ஒவ்வொரு கொத்தாகத் திருப்பிப் பார்த்து, பழுத்தது பழுக்காதது பிரித்துப் பையில் போட்டேன். சாயங்காலம் எல்லோரும் ஏணியை விட்டு இறங்கி என் பையைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால், "பொங்கல் வந்துருச்சா மாப்ள?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஐந்தாம் வகுப்பு முடித்ததும் என்னை விடுதியோடு இருந்த பள்ளியில் சேர்த்தார்கள். சாப்பாட்டு மணிக்கு நூறு தட்டுகள் ஒரே நேரத்தில் கல் மேடையில் விழும் சத்தத்தை மூன்று நாள் தாங்கினேன். நான்காம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான். கல்யாணத்தன்று தாலி கட்டியவுடன் மேளம் உச்சத்துக்குப் போனபோது எழுந்து போய்ப் பலா மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் மனைவி என்னை முதன்முதலாக முழுதாகப் பார்த்தது அப்போதுதான், அவளுடைய அண்ணன் என்னைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தபோது.

என் அப்பாவும் அப்படித்தான். விருந்துக்குப் போனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். மாட்டுக் கொட்டகையைத் தாங்கும் மரக்கால்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுத்தான் தினமும் கதவைச் சாத்துவார். ஒரு காலை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். அவரை யாரும் எங்கேயும் கூட்டிப்போய்க் காட்டவில்லை. அவர் குணம் அப்படி என்றார்கள், என்னையும் அப்படியே சொன்னார்கள். ஆம்பிளைக்குக் குணம் என்று விட்டதை ஒரு பெண் குழந்தையிடம் பார்த்ததும், இது யார் வழியில் வந்தது என்று தேட ஆரம்பித்தார்கள்.

தேடியது என் அக்கா. அம்மாவும் அப்பாவும் போனபின் எங்கள் வீட்டில் எதுவானாலும் அக்கா சொல்வதுதான். நாமக்கல்லில் சொன்னதை என் மனைவி அக்காவிடம் சொன்னாள். குடும்பத்தில் வரக்கூடியது என்ற ஒரு சொல்லை மட்டும் அக்கா பிடித்துக்கொண்டார்.

"உன்ர மாமன் ஒருத்தன் கல்யாணமும் இல்லாம காடு காடாத் திரிஞ்சானே, மறந்துபோச்சா புள்ள?"

"அது பலா மரத்துல இருந்து உழுந்ததுக்கு அப்பறமுங்க அண்ணி. அதுக்கு முன்னால நல்லாத்தான இருந்தாரு."

"உழுந்தவனெல்லாம் திரியறானா? எங்க ஊட்டு ஆளும்தான் மரத்துல இருந்து உழுந்திருக்கு. எந்திரிச்சு வந்து கஞ்சி குடிச்சுச்சு."

கூடியிருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்த்துப் பயனில்லை என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா சாமியிடம் பூ கேட்டுவிடலாம் என்றார். எங்கள் பக்கம் தீராத விஷயத்துக்கு அப்படித்தான் செய்வோம். வெள்ளை அரளியை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்து, இரண்டையும் சாமி முன்னால் வைப்போம். விவரம் அறியாத ஒரு பிள்ளை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் எங்கள் வழி, சிவப்பு வந்தால் என் மனைவி வழி என்று அக்கா சொல்லிவைத்தார். அவள் வழி என்றால், பிறந்த வீட்டுச் சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும் வரை எங்கள் கோயில் பொங்கல் பானையை அவள் தொடக்கூடாது. ஊரே கூடி வைக்கும் பொங்கலில் ஒருத்தி மட்டும் கை கட்டி நின்றால் ஏன் என்று கேட்காதவர் இருக்கமாட்டார்கள்.

பொட்டலம் மடிக்க எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் மடித்தால் இரண்டும் அச்சில் எடுத்ததுபோல ஒன்றாக இருக்கும், எந்தக் கண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு மட்டும் தெரியும். இலை நரம்பு ஓடுகிற போக்கை வைத்துத் தெரிந்துகொள்வேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அன்று மறைவில் உட்கார்ந்து மடித்து எடுத்துக்கொண்டு வந்தபோது என் இடக்கையில் சிவப்பு இருந்தது, வலக்கையில் வெள்ளை. வேண்டுமென்று அப்படி எடுக்கவில்லை. யார் எடுப்பது என்று பூசாரி கேட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிடப் போனவர்களை அக்கா தடுத்தார்.

"இவளே எடுக்கட்டும். இவ சங்கதிதான? வா கண்ணு, சாமிகிட்ட வா."

என் மகள் எதையும் இடப்பக்கம் இருப்பதைத்தான் எடுப்பாள். செருப்பு, தட்டில் இருக்கும் பணியாரம், கடையில் நீட்டும் மிட்டாய், எதுவானாலும். வலப்பக்கம் பெரியதாக இருந்தாலும் இடப்பக்கம்தான். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த வயதிலும் நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

ஆக, அவள் வந்து நின்றபோதே முடிவு என்ன என்று அந்தக் கோயிலில் எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. கைகளைக் குறுக்கே மாற்றி வைத்திருந்தால் போதும். முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் கையை மாற்றுகிறாய் என்று யாராவது கேட்பார்கள், எனக்குப் பதில் வராது. இருந்தபடியே கீழே வைத்துவிட்டு விலகிவந்தேன்.

மகள் நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

கூச்சத்தால்தான் அப்படிச் செய்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் மகள் இலையைத் தொட்டபோது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. என் பெயர் வெளியே வராது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை மனைவி முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"ஏனுங்க, பொட்டலம் நீங்க மடிச்சதுதான?"

"ஆமா."

"கீழ வெச்சதும் நீங்கதான?"

"ஆமா."

"அவ எந்தப் பக்கம் எடுப்பான்னு எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

நான் தரையில் சிதறிய சாமையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் புடைத்து முடித்து, கல் பொறுக்கி, பானையில் போட்டு வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் வாழவந்தி நாட்டிலிருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். சாமிக்குச் செய்யப் போகிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் எதையும் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. செய்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்றாளாம்.

அவர்கள் இல்லாத வீட்டில், மகளுக்காக வாங்கிய போனில் இதைப் பற்றி மருத்துவர்கள் தமிழில் பேசுவதைக் கேட்டேன். பெரியவர்கள் பலர் தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள், பிள்ளைக்குத் தெரியவரும்போதுதான் தங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று ஒரு டாக்டரம்மா சொன்னார். அதை மட்டும் நான்கைந்து முறை கேட்டேன். எனக்கு அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. நாமக்கல்லில் கேட்டால் சொல்வார்களாக இருக்கும். ஐம்பதை நெருங்கும் ஆள் போய், என்னையும் பாருங்கள் என்று எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதால் போனவுடன் சொல்லிவிட்டேன்.

"அது அவ வழி இல்லக்கா. நம்ம வழிதான். அப்பாவுக்கு இருந்துச்சு. எனக்கும் இருக்கு."

அக்கா சிரித்தார்.

"வருசத்துக்கு நாலு வார்த்த பேசற ஆளு. அதுவும் பொண்டாட்டி சொல்லிக் குடுத்து வந்து பேசறியா சாமி?"

"அவ சொல்லலக்கா."

"உனக்கென்னடா கொற? காடு இருக்குது, வெள்ளாம பண்ற, புள்ள பெத்துருக்கற. கிறுக்குப் புடிச்சவன் இதெல்லாம் பண்ணுவானா?"

"கிறுக்கு இல்லக்கா அது."

"அப்பாவச் சொன்னியே, அத இன்னொருக்காச் சொல்லு பாக்கலாம். அந்த மனுசன் உன்னக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஆளாக்குனதுக்கு நீ குடுக்கற பேரா இது?"

சொல்லும்போதே அக்காவின் கண் கலங்கிவிட்டது. ஒருவர் அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. பொட்டலம் வைத்ததைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதைச் சொன்னால்தான் மனைவி மேல் விழுந்த பேச்சு நீங்கும். ஆனால் சாமி வாக்கில் கை வைத்தேன் என்று ஆகும், நானே பூசாரியிடமும் ஊரிடமும் நின்று பதில் சொல்ல வேண்டும். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நான் "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாழவந்தி நாட்டுக்குப் போனேன். மகள் வாசலில் பலாக்கொட்டைகளைச் சிறியது முதல் பெரியது வரை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் நான் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள். மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"அக்காகிட்டச் சொல்லிட்டேன்" என்றேன். "நம்ம வழிதான்னு."

அவள் முகம் கொஞ்சம் மாறியது.

"பொட்டலம் வெச்சதச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப என்னத்தச் சொன்னீங்க."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சோறு போட்டாள். குழம்பு சோற்றைத் தொட்டால் என்னால் சாப்பிட முடியாது என்பதால் எனக்கும் மகளுக்கும் தனித்தனிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், எப்போது வருகிறாய் என்று கேட்க நினைத்தேன். கோயில் பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் ஊர் முன்னால் பொட்டலம் வைத்ததைச் சொல்லிவிட்டு வந்து கூப்பிட்டால் வருவாள். சொல்லாமல் கூப்பிட்டால் வரமாட்டாள். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. கேட்காமலே நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.